மரங்கொத்தியும் மனித மூளையும்

"மரங்கொத்திக்குத் தலை வலிக்காதா சார்?" என்று சென்ற பருவத்தில் ஒரு மாணவன் என்னைக் கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் விடையையும் அவனே சொல்லிவிட்டான். மரங்கொத்தியின் நாக்கு மண்டையோட்டைச் சுற்றிச் சென்று, காரில் கட்டிக்கொள்ளும் பட்டையைப் போல மூளையைக் காக்கிறதாம். மனிதனுக்கு அந்த ஏற்பாடு இல்லையாம். எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்றேன். படிக்கவில்லை, ஒரு படத்தில் பார்த்தேன் என்றான்.

அந்தப் படம் 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான 'கன்கஷன்'. 'மூளை அதிர்ச்சி' என்பது பெயரின் பொருள். பீட்டர் லேண்ட்ஸ்மன் இயக்கியது. வில் ஸ்மித் நடித்தது. அறிவியலறிஞர் ஒருவரைக் கதைத் தலைவராகக் கொண்டு, அவர் செய்த ஆராய்ச்சியையே கதையாக்கும் படங்கள் உலகில் எங்குமே குறைவு. ஆகவே இப்படத்தை நான் ஆவலோடு பார்த்தேன். இரண்டாம் முறை கையில் பென்சிலோடு பார்த்தேன். நல்ல படம்தான். ஆனால் அறிவியல் படிக்கும் மாணவர் இதை நம்பி மனத்தில் ஏற்றிக்கொள்ளக் கூடாத செய்திகள் சில இதில் உள்ளன. சொல்லியே ஆக வேண்டிய ஒன்றைச் சொல்லாமலும் விட்டிருக்கிறது.

கதையை முதலில் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். அமெரிக்கர் 'ஃபுட்பால்' என்று அழைக்கும் ஆட்டம் நம்மூர்க் கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவோரை எதிரணியினர் உடலால் மோதி வீழ்த்தும் ஆட்டம் அது. பிட்ஸ்பர்க் அணியில் நடு ஆட்டக்காரராகப் பல ஆண்டுகள் விளையாடிய மைக் வெப்ஸ்டர் 2002-ஆம் ஆண்டு செப்டம்பரில், 50-ஆம் வயதில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் நினைவு தடுமாறி, வீடின்றி, வண்டிக்குள் படுத்துறங்கும் நிலைக்கு அவர் வந்திருந்தார். பிணப் பரிசோதனை செய்தவர் நைஜீரியாவிலிருந்து குடியேறிய நோயியல் மருத்துவர் பென்னட் ஓமலு. வெப்ஸ்டரின் மூளை கண்ணுக்கு வழக்கமான மூளையாகவே தோன்றியது. ஓமலு அதோடு விடவில்லை. தம் சொந்தச் செலவில் மூளையை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, 'டாவ்' என்னும் புரதம் நரம்பணுக்களுக்குள் முறுக்கிக்கொண்டு திரண்டிருப்பதைக் கண்டார். 2005-இல் அதை 'நியூரோசர்ஜரி' இதழில் வெளியிட்டார். தொழில்முறை ஆட்டங்களை நடத்தும் தேசியக் கழகம் 1994-இல் மூளைக் காயத்துக்கென ஒரு குழு அமைத்திருந்தது. அதன் தலைவர் ஒரு மூட்டுவாத மருத்துவர்! அக்குழுவைச் சேர்ந்தவர்கள் ஓமலுவின் கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும் என்று இதழுக்கு எழுதினார்கள். பிறகு நடந்த போராட்டமே படத்தின் பெரும்பகுதி.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சீவல்கள் தயாராகும் பகுதி. ஆராய்ச்சி என்பது காத்திருத்தலும் கைக்காசும் சேர்ந்த வேலை என்பதைத் திரையில் பார்ப்பது அரிது. நாடகச் சுவைக்காகச் சேர்த்திருக்கும் மிரட்டல் காட்சிகளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவை திரைப்பட விமர்சகர்களின் வேலை.

படத்தைப் பார்ப்பவர் இந்த நோயையே ஓமலுதான் கண்டுபிடித்தார், பெயரும் அவரே வைத்தார் என்ற எண்ணத்தோடு வெளியே வருவார். அது சரியன்று. குத்துச்சண்டை வீரர்கள் காலப்போக்கில் குடிகாரரைப் போலத் தள்ளாடுவதையும் நாக்குழறுவதையும் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க நோயியலார் 1928-இலேயே மருத்துவ இதழில் விவரித்திருக்கிறார். நாட்பட்ட காயவழி மூளைநோய் என்னும் பொருள்படும் பெயரை (ஆங்கில முதலெழுத்துகளால் இதைச் சி.டி.இ. என்பர்) மெக்டொனால்டு கிரிச்லி என்ற ஆங்கில நரம்பியலார் 1949-இல் கையாண்டார். 1973-இல் கோர்செல்லிஸும் அவருடைய கூட்டாளிகளும் குத்துச்சண்டை வீரர் 15 பேரின் மூளைகளை ஆராய்ந்து விரிவான கட்டுரை எழுதினர். ஓமலுவின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. தலைக்கவசம் அணிந்து ஆடும், 'குத்து' என்ற சொல்லுக்கே இடமில்லாத ஒரு குழு ஆட்டத்தில் அதே நோய் இருப்பதைக் காட்டியவர் அவர். இப்படிச் சொன்னால் அவர் பெருமை எவ்விதத்திலும் குறையாது. படத்துக்கோ ஒற்றை வீரர் தேவைப்பட்டது. பாஸ்டனில் நூற்றுக்கணக்கான மூளைகளை ஆராய்ந்த ஆன் மக்கீ அம்மையாரின் பணியும் அதே காரணத்தால்தான் இதில் ஏறக்குறைய மறைந்துபோயிற்று.

இனி மரங்கொத்திக்கு வருவோம்.

படத்தில் ஓமலு, மரங்கொத்தி, பெருங்கொம்பு மலையாடு முதலிய விலங்குகளுக்கு இயற்கை அதிர்வுதாங்கியை அமைத்துத் தந்திருக்கிறது, மனிதனுக்குத் தரவில்லை என்று வாதிடுகிறார். கேட்க அழகான வாதம். 1976-இல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு கட்டுரையிலிருந்தே இக்கருத்து பரவலாக இருந்து வந்தது. தலைக்கவச வடிவமைப்பாளர்கள்கூட மரங்கொத்தியின் மண்டையோட்டைப் பார்த்து ஊக்கம் பெற்றதுண்டு. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். சுத்தியலின் தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு ரப்பர் துண்டை வைத்து யாராவது ஆணி அடிப்பார்களா? அடித்தால் ஆணிக்குப் போக வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கை ரப்பர் விழுங்கிவிடும். அதே ஆழத்துக்கு ஆணி இறங்க இன்னும் ஓங்கி அடிக்க வேண்டும். மரங்கொத்தியின் தலைக்குள் அதிர்வுதாங்கி இருந்தால் அந்தப் பறவைக்கும் இதே கதிதான்.

பெல்ஜியத்திலுள்ள ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தின் சாம் வான் வாசன்பர்க் குழுவினர் மூன்று வகை மரங்கொத்திகளை அதிவேகப் படக்கருவியால் படம்பிடித்து, அலகும் மண்டையோடும் ஒரே வீதத்தில் வேகம் இழப்பதை 2022-இல் காட்டினர். அலகுக்கும் மூளைப்பெட்டிக்கும் இடையே அதிர்வு குறையவில்லை. அதாவது தலை ஒரு கெட்டியான சுத்தியல், அவ்வளவே. 2015-இல் எடுத்த படத்தின்மீது 2022-ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பைச் சுமத்துவது நியாயமன்று என்பீர்கள். உண்மை. ஆனால் விடைக்கான சாவி 2006-இலேயே வெளிவந்துவிட்டது. அதை எழுதியவர் லோர்னா கிப்சன் என்ற பொருளியல் பொறியியலார். மரங்கொத்தி தப்புவது முதன்மையாக அதன் மூளை சிறியது என்பதால்தான் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

கணக்கு கடினமானதன்று. தலை திடீரென நிற்கும்போது மூளையின் முன்பகுதியைப் பின்பகுதி முழுவதும் அழுத்துகிறது. அந்த அழுத்தம் அடர்த்தி, முடுக்கம், மூளையின் நீளம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன்; நீர்நிலையின் அடியில் அழுத்தம் காணும் அதே வாய்பாடு. மனித மூளை முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 செ.மீ. மரங்கொத்தியின் மூளை 2 செ.மீ. அளவே. ஆகவே நமக்கு உண்டாகும் அதே அழுத்தம் அதற்கு உண்டாக வேண்டுமானால் எட்டு மடங்குக்கு மேற்பட்ட முடுக்கம் தேவை. தலை சுழல்வதால் வரும் திரிபுக்கோ நீளத்தின் வர்க்கம் கணக்கில் வருகிறது. அங்கே பறவைக்குச் சாதகம் எழுபது மடங்கு. சிறிய பூச்சி மாடியிலிருந்து விழுந்தும் எழுந்து நடப்பதைப் பார்த்திருக்கிறோம். அதற்கும் இதற்கும் உறவு நெருக்கமானது.

இயற்கை காத்து நிற்கிறது என்ற முடிவும் அவ்வளவு உறுதியானதன்று. பாஸ்டன் ஆய்வாளர் சிலர் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்ட மரங்கொத்தி மூளைகள் பத்தைச் சோதித்து, எட்டில் டாவ் திரட்சி இருப்பதாக 2018-இல் எழுதினர். அது நோயா, பறவைக்குப் பயன்படும் ஏதோ மாற்றமா என்பதில் அவர்களே முடிவு கூறவில்லை. தலையால் முட்டிச் சண்டையிடும் கஸ்தூரி எருதுகளின் மூளைகளிலும் டாவ் திரட்சி இருப்பது 2022-இல் வெளியாயிற்று. எருது முட்டுவது இனப்பெருக்கப் போட்டிக்காக. அது முதுமை வரை தெளிந்த நினைவோடு வாழ வேண்டும் என்ற அக்கறை இயற்கைக்கு ஏன் இருக்க வேண்டும்?

மரங்கொத்தியாவது வேடிக்கைப் பிழை. படத்தில் வரும் ஓர் எண்தான் என்னை உறுத்துகிறது. 60 ஜி அளவுள்ள மோதலில் மனிதனுக்கு மூளை அதிர்ச்சி ஏற்படும், இந்த ஆட்டத்தில் தலையும் தலையும் மோதினால் 100 ஜி என்று கதைத் தலைவர் கூறுகிறார். ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம், வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர். எண்ணைக் கேட்டதும் மாணவர் மனத்தில் ஒரு கோடு விழுந்துவிடுகிறது. கோட்டுக்கு மேலே ஆபத்து, கீழே பாதுகாப்பு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது என்பதைப் போல.

முதலில் 100 ஜி என்பது எப்படி வருகிறது என்று பார்ப்போம். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில், அதாவது சாதாரண ஓட்ட வேகத்தில் செல்லும் தலை மோதி நிற்பதாகக் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை, நிற்பதற்குள் கடந்த தொலைவின் இரு மடங்கால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். ஒரு செ.மீ. தொலைவில் நின்றால் 1250. ஏறத்தாழ 127 ஜி. தலைக்கவசத்தின் உட்பஞ்சு அந்தத் தொலைவை 3 செ.மீ. ஆக்கினால் 42 ஜி-யாகக் குறைகிறது. தலைக்கவசத்தின் பயன் இவ்வளவே, இது பெரும்பயன்தான். மண்டை உடைவதை அது தடுக்கிறது.

ஆனால் மண்டை உடையாமலே மூளை கெடுவது எவ்வாறு? இந்தக் கேள்விக்கு முதலில் தெளிவான விடை சொன்னவர் ஓர் இயற்பியலார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு அறுவை மருத்துவத் துறையில் பணியாற்றிய ஹோல்போர்ன், உலகப் போரின் நடுவே 1943-இல், மெழுகாலான மண்டையோட்டுக்குள் ஜெலட்டினாலான மூளையை வைத்துச் சோதனை செய்தார். மூளை நீரைப் போன்றது. அதை அமுக்கிச் சுருக்குவது மிகக் கடினம், வடிவத்தைக் குலைப்பதோ மிக எளிது. நம் பாடநூல் மொழியில் சொன்னால் அதன் பருமக் குணகம் விறைப்புக் குணகத்தைவிட ஏறத்தாழப் பத்து லட்சம் மடங்கு பெரியது. ஆகவே நேர்க்கோட்டில் தள்ளப்படும்போது அது அதிகம் சிதைவதில்லை. சுழற்றப்படும்போதுதான் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வாயகன்ற கண்ணாடிப் போத்தலில் நனைந்த தேயிலைத் துகள்களோடு நீரைக் கழுத்துவரை, காற்றுக் குமிழியே இல்லாமல் நிரப்பி மூடுங்கள். மேசைமீது நேராக நகர்த்துங்கள். துகள்கள் போத்தலோடு சேர்ந்தே நகரும். இப்போது போத்தலை நிறுத்தி வைத்து, அச்சில் வெடுக்கென்று திருப்புங்கள். கண்ணாடி திரும்பும், நடுவிலுள்ள துகள்கள் நிலைமத்தால் அப்படியே நிற்கும். கண்ணாடிக்கும் நடு நீருக்கும் இடையில் என்ன நேர்ந்ததோ, அதுதான் தாடையில் பக்கவாட்டாக அடி விழும்போது மூளையின் நரம்பிழைகளுக்கு நேர்கிறது. தலைக்கவசம் சுழற்சியைத் தடுப்பது குறைவு. லண்டன் ஆய்வாளர் சிலர் 2017-இல் கணிப்பொறி மாதிரி அமைத்துப் பார்த்தபோது, திரிபு மிகுதியாகக் குவியும் இடம் மூளை மடிப்புகளின் அடிப்பள்ளம் என்று தெரிந்தது. சி.டி.இ. நோயில் டாவ் புரதம், சிறு இரத்தக்குழாய்களைச் சுற்றி, முதலில் திரளும் இடமும் அதே பள்ளம்தான்! நோயியலாரும் பொறியியலாரும் வெவ்வேறு வழியில் சென்று ஒரே இடத்தில் சந்தித்திருக்கிறார்கள். இதைவிட நல்ல காட்சி ஒரு படத்துக்கு வேறென்ன வேண்டும்? படம் வெளியான பிறகு நடந்தது என்பதால் மன்னித்துவிடலாம்.

60 ஜி என்ற எண்ணுக்கு மூலம் இல்லாமல் இல்லை. கல்லூரி ஆட்டக்காரர்களின் தலைக்கவசத்தில் முடுக்கமானியைப் பொருத்திச் செய்த ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. மூளை அதிர்ச்சி ஏற்பட்ட 13 மோதல்களின் அளவுகள் சுமார் 60 ஜி-இலிருந்து 169 ஜி வரை சிதறிக் கிடந்தன. இன்னொரு பக்கம், 80 ஜி-க்கு மேற்பட்ட மோதல்களில் நூற்றில் ஒன்றுகூட மூளை அதிர்ச்சியில் முடியவில்லை. ஆக அங்கே கோடு எதுவும் இல்லை. அடி விழும் திசை, சுழற்சி, நேரம், கழுத்தின் வலிமை எல்லாம் சேர்ந்த கலவை அது. பள்ளிச் சிறுவனின் கழுத்து பெரியவருடையதைப் போல் உறுதியானதன்று என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

என் பெரிய குறைக்கு இப்போது வருகிறேன். படத்தின் பெயரே தவறான இடத்தைச் சுட்டுகிறது.

மூளை அதிர்ச்சி என்பது வெளியே தெரிவது: தலைசுற்றல், குழப்பம், சில நொடி நினைவிழப்பு. மருத்துவர் இதை 'லேசான' மூளைக் காயம் என்பர். 1974-இல் கிளாஸ்கோ நகரில் உருவான அளவுமுறையில் 15-க்கு 13 முதல் 15 வரை மதிப்பெண் பெற்றவர் இவ்வகையில் சேர்வர். அடிபட்ட அன்று கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னதைச் செய்கிறாரா என்பதற்கான மதிப்பெண் அது. இருபது ஆண்டு கழித்து என்ன நேரும் என்பதை அளப்பதற்காக அது உருவாக்கப்படவில்லை. 'லேசான' என்ற அடைமொழியை நாம் எதிர்காலத்துக்கும் சேர்த்துப் படித்துவிடுகிறோம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் சராசரியாக 650 முறை தலையில் மோதல் பெறுகிறார் என்று 2011-இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. மூளை அதிர்ச்சி எத்தனை முறை? பெரும்பாலோருக்கு ஒருமுறைகூட இல்லை. அப்படியானால் எஞ்சிய அறுநூற்றுச் சொச்சம் மோதல்களின் கணக்கை யார் வைப்பது? பாஸ்டன் ஆய்வாளர்கள் 631 ஆட்டக்காரர்களின் மூளைகளை வைத்து 2023-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விடை இருக்கிறது. எத்தனை முறை மூளை அதிர்ச்சி ஏற்பட்டது என்பதற்கும் சி.டி.இ. நோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. வாழ்நாளில் தலை வாங்கிய மோதல்களின் மொத்த விசைக்கும் நோய்க்கும் தொடர்பு இருந்தது. விழுந்தவனை மைதானத்திலிருந்து வெளியேற்றுகிறோம். விழாமல் நின்று நூறு முறை மோதியவனைப் பாராட்டுகிறோம்.

இளம் பருவத்தினரைப் பற்றிய செய்திகளைப் பாருங்கள். இறப்பதற்குச் சில நாள் அல்லது சில மாதம் முன்பு தலையில் அடிபட்டிருந்த பதின்பருவ விளையாட்டுக்காரர் நால்வரின் மூளைகளை ஒரு குழு ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டது. ஒருவரிடம் சி.டி.இ. நோயின் தொடக்க நிலை இருந்தது. அதே குழு சுண்டெலிகளில் செய்த சோதனைகளில், அடிபட்டவுடன் தெரிந்த மயக்கக் குறிகள் உள்ளே நேர்ந்த சேதத்தோடு ஒத்துப்போகவில்லை. எட்டு முதல் பதின்மூன்று வயது வரையுள்ள சிறுவர் 25 பேரை ஒரு பருவம் முழுவதும் கண்காணித்த இன்னொரு ஆய்வு 2016-இல் வந்தது. ஒருவருக்கும் மூளை அதிர்ச்சி ஏற்படவில்லை. ஆயினும் மோதல் அதிகம் பெற்றவரின் மூளை நரம்பிழைகளில் நீர் மூலக்கூறுகள் பரவும் பாங்கு கூடுதலாக மாறியிருந்தது. அம்மாற்றம் நிலைத்து நிற்குமா என்று ஒரு பருவ ஆய்வு சொல்ல இயலாது. முப்பது வயதுக்குள் இறந்த 152 விளையாட்டுக்காரர்களில் 63 பேரிடம் சி.டி.இ. இருந்ததாக மக்கீ குழுவினர் 2023-இல் தெரிவித்தனர். அந்த 63 பேரில் 45 பேர் பள்ளியிலும் கல்லூரியிலும் மட்டுமே ஆடியவர்கள். தொழில்முறைக்கே போகாதவர்கள்!

படத்தின் கதைமாந்தரோ முழுக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள். புகழும் பணமும் பெற்று, பெரிய கழகத்தால் ஏமாற்றப்பட்டவர்கள். அவர்களுக்காக இரங்குவது எளிது. பதினான்கு வயதுப் பையனை ஆடவிடலாமா என்று தயங்கும் பெற்றோருக்குப் படத்தில் விடையும் இல்லை, கேள்வியும் சரியாக இல்லை.

நான் ஒருபக்கமாக எழுதிவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். மேலே சொன்ன மூளைகளைத் தானம் செய்தவை, ஏதோ கோளாறு என்று ஐயுற்ற குடும்பங்கள். 2017-இல் தொழில்முறை ஆட்டக்காரர் 111 பேரில் 110 பேருக்கு சி.டி.இ. என்று செய்தித்தாள்கள் முழங்கின. அந்த 111 பேர் குலுக்கிப் போட்டு எடுத்தவர்கள் அல்லர். மருத்துவமனை வாசலில் நின்று எண்ணினால் ஊரே நோயாளியாகத்தான் தெரியும். விஸ்கான்சின் மாநிலத்தில் 1957-இல் பள்ளி முடித்த ஆண்கள் ஏறத்தாழ 3,900 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு அதே 2017-இல் வெளியாயிற்று. பள்ளியில் இந்த ஆட்டம் ஆடியவர், ஆடாதவரைவிட 65 வயதில் நினைவாற்றலிலோ மனச்சோர்விலோ மோசமாக இல்லை. இதை அறியாமல் பேசுவது அறிவியல் ஆகாது. அதே வேளையில் 1950-களில் ஆடிய பையன்களின் உடல் எடையும் ஆடும் முறையும் இன்றுள்ளவை அல்ல என்பதையும் மறக்கலாகாது.

எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது சுவீடனிலிருந்து வந்த ஒரு கணக்கு. அது வேறு நோயைப் பற்றியது. நரம்பிழைகளின் மேலுறை சிதையும் நோய் கண்ட 7,292 பேரை, ஒவ்வொருவருக்கும் வயதாலும் பாலாலும் ஒத்த பத்துப் பேரோடு ஒப்பிட்டனர். 11 முதல் 20 வயதுக்குள் ஒருமுறை மூளை அதிர்ச்சி பெற்றவருக்கு அந்நோய் வரும் வாய்ப்பு 22 விழுக்காடு கூடுதல். ஒன்றுக்கு மேற்பட்ட முறை பெற்றவருக்கு இரு மடங்குக்கும் மேல். பத்து வயதுக்குள் அடிபட்டவருக்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. நாடு முழுவதன் மருத்துவப் பதிவேட்டிலிருந்து எடுத்தது இது. தானம் வந்த மூளைகளை மட்டும் எண்ணியதன்று. நோய் அரிதானது, ஆகவே இரு மடங்கானாலும் தனி ஒருவருக்கு ஆபத்து சிறிதே. ஆனால் பதின்பருவம் என்ற கால எல்லையும், 'மீண்டும் மீண்டும்' என்ற சொல்லும் எண்களிலேயே தெரிகின்றன.

ஆட்டத்தையே ஒழிக்க வேண்டுமா? படம் அப்படி ஓர் உணர்வைத் தந்து, பிறகு அமெரிக்க ஆட்டத்தின் அழகைப் புகழ்ந்து சமாதானமும் செய்துகொள்கிறது. எனக்கு இன்னொரு வழி தெரிகிறது. ஆட்டம் தொடங்கும்போது ஓர் அணி பந்தை உதைக்க, இரு அணியும் முழு வேகத்தில் எதிரெதிரே ஓடி மோதும் கட்டம் ஒன்று உண்டு. ஐவி லீக் எனப்படும் எட்டுப் பல்கலைக்கழகங்கள் 2016-இல் உதைக்கும் கோட்டை ஐந்து கெஜம் முன்னே நகர்த்தின. அதனால் முன்பைவிட அதிகமான உதைகளில் பந்து எல்லைக்குள்ளேயே போய்விழும். எடுத்து ஓட வேண்டியதில்லை. ஓடாவிட்டால் மோதலும் இல்லை. இக்கட்டத்தில் ஆயிரம் உதைகளுக்குச் சுமார் 11 ஆக இருந்த மூளை அதிர்ச்சி 2 ஆகக் குறைந்தது. புதிய தலைக்கவசம் எதுவும் வாங்கவில்லை. சுண்ணாம்புக் கோட்டை நாலரை மீட்டர் நகர்த்தினார்கள், அவ்வளவே.

மரங்கொத்தியைப் பற்றிக் கேட்ட மாணவனிடம் இவற்றையெல்லாம் ஒரு மாலையில் சொன்னேன். அவன் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியில் தடுப்பாட்டக்காரன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பந்தைத் தலையால் முட்டுவது இதில் சேருமா சார்?" என்றான்.

ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர் 7,676 பேரைப் பற்றி 2019-இல் வந்த ஆய்வைச் சொன்னேன். நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது அவர்களிடையே மற்றவரைவிட மூன்றரை மடங்கு. 2021-இல் ஆட்ட நிலைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, தலையால் முட்டுவது அரிதான இலக்குக் காவலருக்குத் தெளிவான உயர்வு இல்லை. தடுப்பாட்டக்காரருக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு. அமெரிக்கக் கால்பந்து அமைப்பு பத்து வயதுவரையுள்ள சிறுவர் தலையால் முட்டக் கூடாது என்று 2015-இலேயே விதி செய்துவிட்டது. பிறகு கரும்பலகையில் கணக்குப் போட்டோம். பந்தின் நிறை 0.43 கிலோகிராம். வினாடிக்கு 15 மீட்டரில் வந்து 10 மீட்டரில் திரும்புகிறது. தொடும் நேரம் நூற்றில் ஒரு வினாடி. தலையின் நிறை 5 கிலோகிராம் எனக் கொண்டால் சராசரி முடுக்கம் 22 ஜி. அவன் பலகையைச் சிறிது நேரம் பார்த்தான். பயிற்சியில் ஒரு நாளைக்கு எத்தனை பந்து என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். மணி அடித்துவிட்டது, எண்ணிக்கையை நான் கேட்கவில்லை.